ஹெப்பாரினை நிறுத்தினால் மட்டும் போதாது



டெங்கு வந்துபோன ஊர்களில் பிளேட்லெட் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "எவ்வளவு இருக்கு? நாற்பதாயிரமா, இருபதாயிரமா?" என்று மருத்துவமனை வராந்தாவில் உறவினர்கள் கேட்டுக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ரத்தத் தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்ற அச்சம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. நான் இன்று பேச வந்த நோய் அதற்கு நேர்மாறானது. இதிலும் தட்டணு குறையும். ஆனால் ரத்தம் கசியாது, உறையும். காலில் உறையும், நுரையீரலில் உறையும், சிலருக்கு மூளையிலும் உறையும். அப்படி உறைய வைப்பது, ரத்தம் உறையக்கூடாது என்பதற்காக நாமே உடம்பில் ஏற்றிய மருந்து.

அந்த மருந்தின் பெயர் ஹெப்பாரின். மாரடைப்புக்கு, பைபாஸ் அறுவைக்கு, டயாலிசிஸுக்கு, இடுப்பு மூட்டு மாற்றியபின் காலில் ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு என்று பெரிய மருத்துவமனை எதிலும் இது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. அதன் கதையைச் சொல்லாமல் அதன் குறையைச் சொல்வது நியாயமல்ல.

1916. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஜே மெக்லீன் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் எது என்று தேடும் வேலையை அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹவல் அவரிடம் கொடுத்திருந்தார். கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சாற்றைச் சோதித்தபோது விளைவு தலைகீழாக இருந்தது. சாறு ரத்தத்தை உறைய விடவில்லை. பேராசிரியர் நம்பவில்லை. மெக்லீன் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் பூனையின் ரத்தத்தை எடுத்து, அந்தச் சாற்றைக் கலந்து, பேராசிரியரின் மேசைமேல் வைத்தார். இது உறையும்போது எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது உறையவே இல்லை. ஹவல் அதன்பின் அந்த வழியிலேயே ஆராய்ந்து, 1918-இல் ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார். அதைத் தூய்மையாக்கி மனிதருக்குச் செலுத்தும் நிலைக்குக் கொண்டுவர 1930-கள் வரை ஆயிற்று. டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட்டின் குழுவும் ஸ்வீடனில் எரிக் ஜார்பஸும் அந்த வேலையைச் செய்தார்கள். இன்று உலகம் பயன்படுத்தும் ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

அந்த மருந்தின் மறுபக்கத்தை முதலில் பார்த்தவர்கள் அறுவை மருத்துவர்கள். 1957-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத்தைச் சேர்ந்த வைஸ்மன், டோபின் என்ற இருவர் 10 நோயாளிகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் விவரித்தார்கள். எல்லோரும் ஹெப்பாரினில் இருந்தவர்கள். திடீரென்று கைகால் தமனிகளில் அடைப்பு. தமனியைத் திறந்து கட்டியை எடுத்துப் பார்த்தால் அது வழக்கமான கருஞ்சிவப்புக் கட்டி இல்லை. வெளிறி, மெதுமெதுவென்று இருந்தது. தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் திரண்ட கட்டி அது. உறையாமல் காக்கும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் உடம்பில் கட்டி எப்படி வரும்? கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. தட்டணு குறைவதற்கும் இந்தக் கட்டிகளுக்கும் உள்ள தொடர்பை 1973-இல் டொனால்டு சில்வரும் அவருடன் இருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். 1992-இல் பிரான்சைச் சேர்ந்த ஜான் அமிரால் குழு, உடம்பு எதை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்தது. குவளை ரத்தத்திலிருந்து இந்த விடைக்கு வந்துசேர முக்கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

விடை இதுதான். நம் தட்டணுக்களுக்குள் 'பிளேட்லெட் காரணி 4' என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு நேர்மின் ஏற்றம். ஹெப்பாரின் நீண்ட சர்க்கரைச் சங்கிலி, எதிர்மின் ஏற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது புரதத்தின் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவத்தைச் சிலருடைய உடம்பு அந்நியன் என்று முடிவுசெய்து ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அந்த ஆன்டிபாடிகள் அந்தச் சேர்மத்தைப் பிடிப்பதோடு நிற்காமல், மறுமுனையால் தட்டணுவின்மேல் உள்ள ஏற்பியையும் பற்றி அதை முடுக்கிவிடுகின்றன. முடுக்கப்பட்ட தட்டணு இன்னும் அதிகமான காரணி 4-ஐக் கொட்டுகிறது. அது மேலும் ஆன்டிபாடிகளை இழுக்கிறது. உறைதலுக்கான நொதியான திராம்பின் பெருகுகிறது, ரத்தம் உறைகிறது. அந்த வேகத்தில் தட்டணுக்கள் செலவாகிப் போகின்றன. எண்ணிக்கை குறைவது அதனால்தான். டெங்குவில் தட்டணுக் குறைவு என்பது காவல் குறைந்துபோனதன் கணக்கு. இங்கே அது நடந்துகொண்டிருக்கும் தாக்குதலின் கணக்கு.

இனி படுக்கையருகே போவோம். எடுத்துக்காட்டுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு அறுவை முடிந்திருக்கிறது. அறுவையன்று தட்டணு 2,40,000. அறுவைக்குப்பின் சற்று இறங்கி, ஐந்தாம் நாள் 3,50,000-க்கு ஏறுகிறது. இப்படி ஏறுவது இயல்பு. எட்டாம் நாள் 1,60,000. ஆய்வகத் தாளில் சிவப்பு எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. 1,50,000-க்கு மேல் இருந்தால் இயல்பு என்றுதான் அந்தத் தாள் அறியும். டெங்குவில் இருபதாயிரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1,60,000 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மூன்று நாளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. தாளைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பழைய தாள்களை அருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த நோயைக் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் நிபுணராக இருப்பதில்லை. மூன்று நாள் தாள்களைச் சேர்த்துப் பார்த்த நர்ஸாகவோ பயிற்சி மருத்துவராகவோதான் இருப்பார்.

சந்தேகம் வந்தால் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறார்கள். எவ்வளவு குறைந்தது? எப்போது குறைந்தது? புதிதாக எங்கேனும் கட்டி வந்திருக்கிறதா? தட்டணு குறைய வேறு காரணம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண், மொத்தம் 8. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தியோடர் வார்கென்டின் வகுத்த முறை இது. மூன்றோ அதற்குக் குறைவோ வந்தால் இந்த நோய் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நான்காவது கேள்வியை நான் அழுத்திச் சொல்கிறேன். ஐ.சி.யு.வில் தட்டணு குறைவதற்குக் கிருமித்தொற்று, வேறு மருந்துகள் என்று ஆயிரம் காரணம். எல்லாவற்றையும் ஹெப்பாரின் தலையில் கட்டி மாற்று மருந்தைத் தொடங்கினால், தேவையில்லாத ஒருவருக்கு ரத்தக்கசிவை வரவழைத்துவிடுவோம்.

காலக்கணக்கு முக்கியம். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் இறங்குவதுதான் வழக்கம். ஆன்டிபாடி உருவாக அத்தனை நாள் ஆகும். கடந்த ஒரு மாதத்துக்குள் ஹெப்பாரின் போட்டவர் என்றால் ஆன்டிபாடி ஏற்கெனவே தயாராக இருக்கலாம். அவருக்கு மறுநாளே இறங்கும். ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் நடுக்கமும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மூன்றாவது வகை. நோயாளி நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சில நாள் கழித்துக் கால் வீங்கித் திரும்பி வருகிறார். அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுக்கிறார்கள், ரத்தக்கட்டி. ரத்தக்கட்டிக்கு முதல் மருந்து என்ன? ஹெப்பாரின். போன வாரம் ஹெப்பாரினில் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை என்றால், எரிகிற இடத்தில் எண்ணெய்தான்.

தலைப்புக்கு வருகிறேன். சந்தேகம் வந்ததும் ஹெப்பாரினை நிறுத்திவிடுகிறார்கள். நல்லது. அத்தோடு தீர்ந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒவ்வாமை தந்த மருந்தை நிறுத்தினால் ஒவ்வாமை அடங்கும் என்பது நம் பொது அனுபவம். பெனிசிலினில் அது சரி. இங்கே முடுக்கப்பட்ட தட்டணுக்களும் பெருகிவிட்ட திராம்பினும் மருந்தை நிறுத்தியதும் அடங்கிவிடுவதில்லை. 1996-இல் வார்கென்டினும் ஜான் கெல்டனும் வெளியிட்ட ஆய்வில், கட்டி எதுவும் வராத நிலையிலேயே நோய் கண்டறியப்பட்டு, ஹெப்பாரினை மட்டும் நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அடுத்த 30 நாளுக்குள் கட்டி வந்தது. பாதிப் பேர்! இந்த ஒரு செய்திக்காகவே நான் இந்த மேடைக்கு வந்தேன்.

நிறுத்துவதோடு வேறு சில காரியங்களும் உண்டு. எல்லா வழியிலும் நிறுத்த வேண்டும். டிரிப்ஸ் ஓடுவதை நிறுத்திவிட்டு, குழாய் அடைக்காமல் இருக்க நர்ஸ் எட்டு மணிக்கொரு தரம் செலுத்தும் ஹெப்பாரின் கலந்த நீரை மறந்துவிடுவார்கள். அந்தச் சொட்டு அளவே நோயைத் தொடர வைக்கும். ஹெப்பாரின் பூசப்பட்ட குழாய்களும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு இயந்திரத்தின் வடிகட்டியில் திரும்பத் திரும்ப ரத்தம் உறைந்தால், அதற்காக ஹெப்பாரின் அளவைக் கூட்டுவதற்கு முன் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இனாக்ஸாபரின் போன்ற சிறுமூலக்கூறு ஹெப்பாரினுக்கு மாற்றினாலும் பயனில்லை. இந்த நோய் அதனால் தொடங்குவது அரிது என்பது உண்மை. ஆனால் ஆன்டிபாடி உருவானபின் அதுவும் ஹெப்பாரின்தான்.

வார்ஃபரினோ நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசிட்ரோமோ உடனே தொடங்குவது இன்னொரு பொறி. மாத்திரைதானே, ஹெப்பாரின் இல்லையே என்று தோன்றும். இந்த மாத்திரைகள் உறைதலுக்கு உதவும் காரணிகளைக் குறைக்கும் முன்பே, உறைதலைத் தடுக்கும் புரதம் சி-யைக் குறைத்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் திராம்பின் கட்டவிழ்ந்து ஓடும். மணிக்கட்டில் நாடி நன்றாகத் துடிக்கும், கணுக்காலிலும் துடிக்கும், ஆனால் விரல்கள் கறுத்துப்போகும். சிறு சிரைகள் எல்லாம் உறைந்து அழுகும் நிலை இது. ஐ.என்.ஆர். என்ற உறைதல் சோதனை எண் கூடியிருப்பதைப் பார்த்து மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடக்கும். தட்டணு 1,50,000-ஐத் தொட்டபின்தான் வார்ஃபரின். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் வைட்டமின் கே கொடுத்து அதன் விளைவை மாற்ற வேண்டும். ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு ஏற்றுவதும் இங்கே வேண்டாம்.

அப்படியானால் எதைக் கொடுப்பது?

மாற்று மருந்துகளின் கதை அட்டையிலிருந்து தொடங்குகிறது. சித்த மருத்துவத்தில் அட்டை விடுவது பழைய சிகிச்சை. வால்பாறைக் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், அட்டை விழுந்தபிறகும் கடிவாயில் ரத்தம் நிற்காது. 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் என்ற ஆங்கிலேய உடலியலாளர் அதன் சுரப்பில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். 1950-களில் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தூய்மையாகப் பிரித்தார். அதுதான் ஹிருடின். ஹெப்பாரின் தானாக வேலை செய்யாது, ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பினைத் தூண்டித்தான் செய்யும். ஹிருடின் நேரே திராம்பினைக் கவ்விப் பிடிக்கிறது. பின்னாளில் மரபணு முறையில் தயாரித்த லெபிருடின் 1998-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. பலரைக் காப்பாற்றியது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் தேங்கி ரத்தக்கசிவைத் தந்தது. கணிசமானவர்களுக்கு அதற்கே ஆன்டிபாடி உருவாகி, இரண்டாம் முறை கொடுத்தபோது உயிர்போகும் ஒவ்வாமையும் வந்தது. 2012-இல் அதன் விற்பனை நின்றுபோனது. அதன் அமைப்பைப் பின்பற்றி 20 அமினோ அமிலங்களில் செய்த பிவலிருடின் இன்றும் இருக்கிறது. ரத்தத்திலேயே சிதைந்துவிடும், அரைமணி நேரத்துக்குள் பாதியாகும். ஸ்டென்ட் வைக்க வேண்டிய நோயாளிக்கு இந்த நோயும் இருந்தால் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

அடுத்தது ஆர்கட்ரோபன். இதன் பின்னால் ஒரு ஜப்பானியத் தம்பதியின் கதை இருக்கிறது. ஷோசுகே ஒகமோட்டோவும் அவருடைய மனைவி உடாகோ ஒகமோட்டோவும் போருக்குப் பிந்தைய வறுமையில், பிரசவ ரத்தப்போக்கில் பெண்கள் சாகக்கூடாது என்று தேடி 1962-இல் டிரானெக்ஸமிக் அமிலத்தை உலகுக்குத் தந்தவர்கள். நம் பிரசவ வார்டுகளில் அந்த ஊசி இன்றும் தினமும் உயிர் காக்கிறது. ரத்தம் கசிவதை நிறுத்தும் மருந்து அது. அதே ஷோசுகே கோபே பல்கலைக்கழகத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, ரத்தம் உறைவதை நிறுத்தும் மருந்தையும் உருவாக்கினார். அதுதான் ஆர்கட்ரோபன். அமெரிக்காவில் 2000-இல் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. டிரிப்ஸில் தொடர்ந்து ஓட வேண்டும். வழக்கமான தொடக்க அளவு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம். ஏ.பி.டி.டி. என்ற உறைதல் சோதனையில் அடிப்படை அளவைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள் நிறுத்த வேண்டும். அது கல்லீரல் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் கெட்டவருக்கு ஏற்றது. கல்லீரல் கெட்டவருக்கு அளவை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். முறிமருந்து கிடையாது. ஆனால் நிறுத்தினால் முக்கால் மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு சிக்கலும் உண்டு. அது ஐ.என்.ஆர். எண்ணையும் தானே ஏற்றிவிடும். வார்ஃபரினுக்கு மாறும் நாளில் அந்த எண்ணை நம்பி ஆர்கட்ரோபனை அவசரமாக நிறுத்தக்கூடாது.

இன்னொரு மாற்று மருந்தான டனபராய்டு பன்றிக்குடலிலிருந்தே வருகிறது, ஆனால் அதில் ஹெப்பாரின் இல்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் புழங்குகிறது, அமெரிக்கச் சந்தையிலிருந்து 2002-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நம் நாட்டுச் சூழலுக்கு நான் அதிகம் மதிப்பது ஃபோண்டாபரினக்ஸ். ஹெப்பாரினின் நீண்ட சங்கிலியில் ஆன்டித்ராம்பினைத் தொடும் பகுதி வெறும் ஐந்து சர்க்கரைகள்தான். அந்த ஐந்தை மட்டும் ஆய்வகத்தில் செய்தெடுத்தார்கள். அத்தனை சிறியதாக இருப்பதால் காரணி 4-ஐத் திரட்டி ஆன்டிபாடிக்கு இலக்கு அமைத்துத் தருவது மிக அரிது. ஒரு நாளைக்கு ஒரு ஊசி, தோலுக்கடியில். உடல் எடைக்கேற்ப 5, 7.5, 10 மில்லிகிராம். மாரடைப்புக்குப் பயன்படுவதால் நம் மருத்துவமனைகளுக்கு அறிமுகமான மருந்து. டிரிப்ஸ் இயந்திரமும் மணிக்கு மணி சோதனையும் இல்லாத மருத்துவமனையிலும் இதைக் கொடுக்கலாம். சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அது பழுதானவருக்கு ஆகாது. அரைநாளுக்கு மேல் உடம்பில் தங்குவதால், நாளை அறுவை என்று இருப்பவருக்கும் தயங்க வேண்டும்.

நிலை சீரானவர்களுக்கு மாத்திரைகளே போதும் என்ற காலமும் வந்துவிட்டது. ரிவரோக்ஸபன், அபிக்ஸபன் போன்றவை காரணி 4-ஐத் தொடுவதில்லை, புரதம் சி-யையும் குறைப்பதில்லை. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆர்கட்ரோபன், பிவலிருடின், டனபராய்டு, ஃபோண்டாபரினக்ஸ் ஆகியவற்றோடு இவற்றையும் சேர்த்திருக்கிறது. இந்திய நிறுவனங்கள் பலவும் இவற்றைத் தயாரிக்கின்றன. கைகால் போகும் ஆபத்தில் இருப்பவருக்கும், ஐ.சி.யு.வில் நாடி தடுமாறுபவருக்கும் மாத்திரையை நம்பக் கூடாது. அங்கே விரைவில் ஏற்றி விரைவில் இறக்கக்கூடிய டிரிப்ஸ் மருந்துதான் வேண்டும். எது மேல் என்று இவற்றை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை. கல்லீரல் எப்படி, சிறுநீரகம் எப்படி, அறுவை நெருங்குகிறதா, மருத்துவமனையில் எது உண்மையிலேயே கையிருப்பில் இருக்கிறது, இவைதான் தீர்மானிக்கும். கடைசிக் கேள்வியை இரவு இரண்டு மணிக்குக் கேட்கக்கூடாது. மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

தடுக்க முடியாதா என்றால், முடியும். டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனை 2006 முதல் இயன்ற இடங்களில் எல்லாம் வழக்கமான ஹெப்பாரினை விலக்கியது. குழாய்களுக்கு உப்புநீர், நோயாளிகளுக்குச் சிறுமூலக்கூறு ஹெப்பாரின். உறுதிசெய்யப்பட்ட நோய் 79 விழுக்காடு குறைந்தது. இந்த நோய்க்கான செலவும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் மிச்சமானது. உப்புநீருக்கு என்ன விலை? நம் மருத்துவமனைகள் நாளைக் காலையே தொடங்கக்கூடிய காரியம் இது.

இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி வேறோர் இடத்திலும் கைகொடுத்தது. 2021-இல் கோவிட் தடுப்பூசிக்குப்பின் மிக அரிதாகச் சிலருக்கு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். தட்டணு குறைவு, கூடவே கட்டிகள். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் அந்த ரத்த மாதிரிகளில் காரணி 4-க்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சில நாளிலேயே கண்டுபிடித்தார். அந்த நோயாளிகள் ஹெப்பாரின் போடாதவர்கள். பல்லாண்டுகளாக ஹெப்பாரின் நோயை ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தது. சிகிச்சையும் கையில் இருந்தது. நான் இதுவரை சொன்ன மாற்று மருந்துகள்தான், உடன் இம்யூனோகுளோபுலின் ஊசி. அரிய நோய் ஒன்றைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களுக்கு உலகம் கடன்பட்ட நாள் அது.

கடைசியாக, இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு. கட்டி வந்திருந்தால் மருந்து மூன்று மாதமாவது தொடரும். வராதவர்களுக்குத் தட்டணு 1,50,000-க்குத் திரும்பி நிலைக்கும்வரை போதும். டிஸ்சார்ஜ் தாளில் 'ஹெப்பாரின் ஒவ்வாமை' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதியில், தட்டணு எத்தனையிலிருந்து எத்தனைக்கு, ஆன்டிபாடி சோதனையின் முடிவு என்ன, எந்த மருந்து கொடுத்தோம் என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். அந்த விவரத்துக்கு வேறொரு பயனும் உண்டு. இந்த ஆன்டிபாடிகள் நிலைத்து நிற்பதில்லை, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் மறைந்துவிடும். ஐந்தாண்டு கழித்து உங்களுக்குத் திறந்த இதய அறுவை தேவைப்பட்டால், இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு ஹெப்பாரினுக்கு இணையான மருந்து இன்னும் இல்லை. ஆன்டிபாடி இப்போது இல்லை என்று சோதனை சொன்னால், அறுவை நடக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரினைப் பயன்படுத்தலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் மாற்று மருந்து. மயக்க மருத்துவர் இந்த முடிவை எடுக்க வேண்டுமென்றால் அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இருந்து பதில் சொல்கிறேன்.